சனிக்கிழமை அடுப்பும் 1901 மாநாடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் 1901 பொது மாநாட்டு நடவடிக்கைகளை வாசிக்கும்படி சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஜெபம், பாட்டு, முன்மொழிந்தார், வழிமொழிந்தார், குழு அமைக்கப்பட்டது, இதேதான் திரும்பத் திரும்ப வருகிறது. மிஷன் ஊழியம் பற்றிய பேச்சோ, அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு உலகத்தைப் பங்கு போடுவதுபோல் இருக்கிறது. என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். மறுநாள் முழுக்கப் பழைய சோறுதான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எடுத்தேன். அதற்கு இந்தக் கூட்டக் குறிப்புகளில் என்ன இருக்கிறது?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

நீங்கள் பாதியில் நிறுத்தியதற்கு நான்தான் காரணம். எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அது புத்தகமாக எழுதப்பட்டதல்ல. மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் ஊரில் 1901 ஏப்ரல் 2 முதல் 23 வரை மாநாடு நடந்தது. அங்கே பேசியதை உடனுக்குடன் எழுதியெடுத்து, நாளிதழ்போல அச்சிட்டு விநியோகித்தார்கள். அதனால் தீர்மானங்களைத் தள்ளிவிட்டுப் பேச்சுகளை மட்டும் வாசியுங்கள். முதல் நாள் தலைவர் இர்வின் பேசி முடித்ததும், சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான எலன் ஒயிட் எழுந்து பேசுகிறார். அங்கேயே தொடங்கலாம். அவருக்கு அப்போது 73 வயது. ஒன்பது ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு முந்தைய ஆண்டுதான் திரும்பியிருந்தார். மாநாட்டுக்கு முந்தின நாளே கல்லூரி நூலகத்தில் தலைவர்களைக் கூட்டி வைத்து, ராஜாக்களைப்போலச் சிலர் ஆளும் நிலை சபையில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் மாற்றி அமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதையே மறுநாள் எல்லோர் முன்னாலும் வைத்தார்.

இந்தக் கோபம் எதற்கு என்று தெரிந்தால்தான் குறிப்புகள் உயிர்பெறும். 1890-களில் இந்தச் சபைக்கு ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், இந்தியா என்று எங்கும் ஊழியம் இருந்தது. முடிவு எடுப்பதோ பேட்டில் கிரீக்கில் இருந்த ஒரு சிலர். தென்னாப்பிரிக்காவில் ஏ. டி. ராபின்சன் என்பவர், அங்கிருந்த வேலைகளைத் துறை துறையாகப் பிரித்து நடத்தலாமா என்று கேட்டுத் தலைமைக்குக் கடிதம் போட்டார். கப்பலில் அந்தக் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். வேலை காத்திருக்குமா? அவர் தொடங்கிவிட்டார். ‘வேண்டாம்’ என்ற பதில் வந்து சேர்ந்தபோது துறைகள் நடந்துகொண்டிருந்தன. பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது, அவர் தலைமையை எதிர்த்துக் கிளம்பியவர் அல்ல. தூரம் அவரைச் சொந்தமாக முடிவெடுக்க வைத்தது. அப்புறம் 1894-இல் ஆஸ்திரேலியாவில், பல மாநாடுகளை (ஒரு வட்டாரத்துச் சபைகளை நிர்வகிக்கும் அமைப்புக்கும் இவர்கள் மாநாடு என்றே பெயர் வைத்திருந்தார்கள்) சேர்த்து ஒரு யூனியன் அமைத்து, அந்தப் பகுதி விவகாரங்களை அங்கேயே முடிவுசெய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அதில் முன்நின்றவர்களில் ஒருவர் ஏ. ஜி. டேனியல்ஸ்.

1901-இல் பேட்டில் கிரீக் ஏற்றுக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான். எங்கும் யூனியன்கள் வந்தன. மிஷன் வேலைக்கென்று தனியாக இருந்த வாரியம் பொதுக் குழுவோடு சேர்க்கப்பட்டது. டேனியல்ஸ் தலைமைக்கு வந்து 1922 வரை இருந்தார். இந்தியாவில் ஊழியம் செய்து திரும்பிய ஸ்பைசர் 1903-இல் செயலாளரானார். ஆக, தலைமையகம் உலகத்தைப் பங்கு போட்டது என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊழியக் களங்களில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வைத்துத் தலைமையகமே தன்னைத் திருத்திக்கொண்டது. நான் இந்தக் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப எடுப்பது இதற்காகத்தான். 

இந்தியாவைப் பற்றிய பேச்சு வரும் இடங்களில் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில், இன்று ஜார்க்கண்டில் இருக்கும் கர்மாடாரில், இவர்கள் ஓர் அநாதை இல்லம் நடத்தினார்கள். வங்காளச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தன் கடைசிக் காலத்தில் தங்கியிருந்த அதே ஊர். 1899 டிசம்பரில் அங்கே பெரியம்மை பரவி, பிரவுன், டி. ஏ. ராபின்சன் என்ற இரண்டு மிஷனெரிகள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 1901 ஏப்ரலில் அந்த மரணங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. இந்தியாவுக்கு ஆள் வேண்டும் என்று அந்த மண்டபத்தில் ஒருவர் கேட்டால், என்ன கேட்கிறார் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயமானது. இன்றைய ஜிம்பாப்வேயில், புலவாயோ அருகே சொலூசியில் இவர்களுக்கு 1894-இல் 12,000 ஏக்கர் நிலம் கிடைத்தது. கொடுத்தது, அந்தப் பகுதியைப் பிடித்து ஆண்ட ஆங்கிலேயர் செசில் ரோட்ஸின் கம்பெனி. அதற்கு முந்தைய ஆண்டு நெடபெலே மக்களைப் போரில் தோற்கடித்துப் பிடித்த நிலம் அது. வாங்கலாமா என்று சபைக்குள் பெரிய விவாதமே நடந்தது. ஆனால் அரசும் சபையும் ஒன்றிடமிருந்து ஒன்று எதையும் வாங்கலாமா என்பதுதான் விவாதம். நிலம் யாருடையது என்பது அந்த விவாதத்தின் கேள்வியாகவே இல்லை. இது என்னை இன்றும் வருத்துகிறது. மாநாட்டுக் குறிப்புகளிலும் இதே குறை உண்டு. ஊழியம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுடைய குரல் அதில் மிக அரிது.

உங்கள் பாட்டி வீட்டுக்கு வருகிறேன். 1893-லேயே லென்க்கர், ஸ்ட்ரூப் என்ற இரண்டு புத்தக ஊழியர்கள் சென்னையில் வந்து இறங்கிவிட்டார்கள். ஆனால் அவர்கள் விற்றது ஆங்கிலம் படிப்பவர்களிடம். நாசரேத் பக்கம் சனிக்கிழமை ஆசரிப்பு அதற்கும் வெகு முந்தியது. அங்கே உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனெரியோடு மோதி வேலையை இழந்தவர். நாடார்களைப் பற்றி கால்டுவெல் 1849-இல் எழுதியதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவரும் அவர்தான். 1857-இல் வெள்ளைக்காரர் கட்டுப்பாடே வேண்டாம் என்று தனிச் சபை கண்டார். ஆங்கிலப் பதிவுகளில் ‘ஹிந்து சர்ச் ஆஃப் லார்ட் ஜீசஸ்’ என்று வருவது அதுதான். பழைய ஏற்பாட்டை வாசித்து, சனிக்கிழமையே ஓய்வுநாள் என்று முடிவுசெய்துகொண்டார்கள். பேட்டில் கிரீக்கில் அட்வென்டிஸ்டுகள் முறையான பொது மாநாடு அமைத்ததே 1863-இல்.

இரண்டு தரப்பும் சந்தித்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1908-இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்ட் மிஷனெரி குடும்பத்தோடு நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்துக்கு வந்து தங்கினார். அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்றும் அங்கே இருக்கிறது. ஓய்வுநாள் எது என்று அந்த மக்களுக்கு அவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதனால், பாட்டி வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் 1908-க்கு முந்தையதா பிந்தையதா என்று வீட்டுப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பாட்டியின் தாத்தா எந்தக் கோவிலுக்குப் போனார் என்று தெரிந்தாலே போதும். முந்தையது என்றால் அது மிச்சிகனிலிருந்து வந்ததல்ல. தெரிந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.