பிங் எகிறுகிறது என்று 10 ஜிகாபிட் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். 1 ஜிகாபிட் ஃபைபர் இணைப்பு. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் வைஃபையில் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைக் கணினியில் விளையாடுகிறான். பகலில் பிங் 10க்குள் இருக்கிறதாம். இரவு எட்டு மணிக்குமேல் 150, 200 என்று எகிறுகிறது. சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகனுடன் வார இறுதியில் மும்பை சர்வரில் விளையாடினால் எந்த நேரமானாலும் 70க்குக் கீழே வருவதில்லை. கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த விற்பனையாளர், 10 ஜிகாபிட்டுக்கு மாறினால் எல்லாம் சரியாகும், கேமிங் ரவுட்டரும் இலவசம் என்கிறார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அந்தக் கடைத்தொகுதியிலேயே ஒரு நீளமான லேன் கேபிள் வாங்குங்கள். இப்போதைக்கு உங்களுக்குத் தேவையான செலவு அவ்வளவுதான்.

பிங் என்பது உங்கள் கணினியிலிருந்து ஒரு சிறு செய்தி விளையாட்டு சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அதைக் கணக்கிடுகிறார்கள். ஜிகாபிட் என்பதோ ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போகலாம் என்பதன் அளவு. உங்கள் மகன் சுட்டுத் தள்ளும்போது ஒரு மெகாபிட்கூடச் செலவாவதில்லை. ஏற்கெனவே அதைப்போல் ஆயிரம் மடங்கு கையில் இருக்கிறது. அதைப் பத்தாயிரம் மடங்காக்கித் தருகிறேன் என்பவர் உங்கள் பிரச்சினையைத் தொடவே இல்லை. விற்பனையாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

இன்று இரவு ஒன்பது மணிக்கு, ஆட்டம் திக்கும் நேரத்தில், ரவுட்டரின் முகவரிக்கு ஒரு பிங் ஓட விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளிலும் அச்சிட்டிருப்பார்கள். எப்படிச் செய்வது என்று பையனுக்கே தெரியும். அதே நேரத்தில் இன்னொரு சாளரத்தில் 8.8.8.8 என்ற கூகுளின் பொது முகவரிக்கும் ஓடட்டும். முதலாவது வீட்டுக்குள்ளேயே நடக்கும் பயணம், இரண்டாவது வீட்டை விட்டு வெளியே போகும் பயணம்.

அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டருக்குப் போய்வரவே 60, 100, 180 என்று எண்கள் குதித்தால், கோளாறு உங்கள் கூடத்துக்கும் மகனின் அறைக்கும் நடுவே இருக்கிறது. எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டமும் அதைத் தீர்க்காது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

ஏன் இரவில் மட்டும்? எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள், அதுதான். அப்பா கைப்பேசியில் படம் பார்க்கிறார். தங்கையின் கைப்பேசி அன்று எடுத்த படங்களையெல்லாம் கிளவுடில் ஏற்றுகிறது. மேலே, கீழே, பக்கத்தில் உள்ள வீடுகளிலும் இதே கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. அந்த மூன்றைத்தான் ஒரு புளோக்கே பங்கு போட்டுக்கொள்கிறது. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். தேக்கா உணவுக் கடையில் ஒரே ஒரு தேநீருக்காக நீங்கள் நிற்க, முன்னால் இருப்பவர் நாற்பது பொட்டலம் பிரியாணி கட்டச் சொல்வதைப் போன்றது இது. உணவங்காடியின் வாசலைப் பத்து மடங்கு அகலமாக்கினாலும் உங்கள் தேநீர் முன்கூட்டி வந்துவிடாது.

தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் இந்த நெரிசல் கம்பியிலேயே நடந்தது. மேலேற்றும் வேகம் மிகக் குறைவு என்பதால், ஒருவர் மின்னஞ்சலில் படம் அனுப்பினால் வீடு முழுவதற்கும் பிங் எகிறும். அப்போது வேகமான திட்டத்துக்கு மாறினால் ஓரளவு பலன் இருந்தது. ஃபைபர் வந்த பிறகு கம்பி அகன்றுவிட்டது, நெரிசல் வைஃபைக்கு இடம் மாறிவிட்டது. மக்களும் விற்பவர்களும் இன்னும் பழைய மருந்தையே தேடுகிறார்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்படும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறை ஒன்று உண்டு. கனத்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அழகு கெடுகிறது என்று ரவுட்டரைத் தூக்கி அதற்குள் வைத்து, அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிக்கும் வைஃபை வழங்கும் வீடுகள் ஏராளம். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் முதலில் அதை வெளியே கொண்டுவாருங்கள். கேபிள் நுழைக்க அந்தச் சுவரில் துளை போட வேண்டாம். அங்கே கை வைப்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் உண்டு.

அடுத்து கேபிள். ரவுட்டரிலிருந்து தரையோரமாக இழுத்து, மகனின் கணினியில் நேரே செருகுங்கள். ஒரு வாரம் கிடந்து காலில் தட்டட்டும், பரவாயில்லை. ரவுட்டருக்கான பிங் 1, 2 என்று படுத்துவிட்டால் காரணம் உறுதி. பிறகு ஆளை அழைத்துக் கூரையோரம் பிளாஸ்டிக் குழாய் பதித்துக்கொள்ளலாம். 2013க்குப் பிறகு திட்டமிட்ட புதிய வீடுகளில் அறைகளுக்கு லேன் கேபிளைச் சுவருக்குள்ளேயே இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் புதுப்பிப்புப் பணி செய்பவர் அதன்மேல் அலமாரியை அடித்துவிட்டுப் போய்விடுவார், வீட்டுக்காரருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அலமாரிக்குப் பின்னால் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேபிள் இழுக்கவே முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டரை அறைக்கு அருகில் கொண்டுவாருங்கள். மின்செருகி வழியாக இணையம் கடத்தும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. குளிர்சாதனம் ஓடத் தொடங்கினாலே சில வீடுகளில் அவை தடுமாறுகின்றன.

கடையில் அடுத்ததாக மூன்று பெட்டி மெஷ் தொகுப்பைக் காட்டுவார்கள். அது வைஃபை எட்டாத மூலைக்கு எட்ட வைக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டிகள் தங்களுக்குள்ளும் வைஃபையிலேயே பேசிக்கொண்டால் உங்கள் மகனின் செய்தி ஒரு தாவலுக்குப் பதில் இரண்டு தாவல், மூன்று தாவல் தாவும். பிங் குறையாது, கூடத்தான் செய்யும். பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் சரியாகும் என்பார்கள். கேபிளே இழுத்தாகிவிட்டது என்றால் நடுவில் பெட்டி எதற்கு? ‘கேமிங்’ என்று எழுதி, எட்டு ஆண்டெனாவும் சிவப்பு விளக்கும் வைத்த ரவுட்டருக்கும் இதே பதில்தான். ‘இலவசம்’ என்பதன் விலை மாதக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும். அந்தத் திட்டத்தின் 24 மாதக் கட்டணத்தையும், ரவுட்டர் இல்லாத திட்டத்தின் 24 மாதக் கட்டணத்தையும் தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

கேபிளில் இருந்தும் இரவில் 8.8.8.8க்குப் பிங் எகிறினால் மட்டும் குற்றம் வெளியே. அப்போது தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட்டுகள் எடுத்து வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்பார்கள், போடுங்கள். ‘வேகச் சோதனையில் 900 காட்டுகிறதே, கோளாறு இல்லை’ என்பார்கள். அதை ஏற்காதீர்கள். ஃபைபர் என்னும் கண்ணாடி இழை ஒரு நிறுவனத்துடையது, உங்களிடம் பணம் வாங்குவது இன்னொன்று என்று இங்கே பிரித்து வைத்திருப்பதால், பழியை மற்றவர் தலையில் போட எல்லாருக்கும் வசதி. வேகத்தை இரவு பகலாக விளம்பரப்படுத்தும் இந்தத் துறையில், பிங் இவ்வளவைத் தாண்டாது என்று வீட்டுத் திட்டத்தில் எழுதிக் கொடுப்பவரை நான் பார்த்ததில்லை. அரசாங்கம் 2024இல், நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. நாட்டுக்கு நல்லதுதான். அந்தச் செய்தியை மேசைக்காரர்கள் வீட்டுக்கு வீடு மருந்தாக விற்பதுதான் எரிச்சல்.

இனிச் சென்னை விவகாரம். இது கோளாறே இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரிலிருந்து மும்பை நேர்க்கோட்டிலேயே 3,900 கிலோமீட்டர். போய்வர 39 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, மலாக்கா நீரிணை வழியே போய் இலங்கையைச் சுற்ற வேண்டும். எனவே 60, 70 என்பது நியாயமான கணக்கு. 10 ஜிகாபிட் அல்ல, 100 ஜிகாபிட் வாங்கினாலும் ஒளி அதைவிட வேகமாக ஓடாது.

ஆனால் சென்னை சிங்கப்பூருக்கு மும்பையைவிடப் பக்கம். 2002இலிருந்தே இரண்டுக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் ஒன்று இருக்கிறது. ஆகவே இருவரும் சேர்ந்து ஆடும்போது மும்பையைத் தவிர்த்துச் சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டின் முகப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. உங்கள் மகனுக்குப் பிங் 10க்குள் வந்துவிடும். அண்ணன் மகனுக்கு 40, 50 வந்தால் தாராளமாக ஆடலாம். அவருக்கு மட்டும் 90க்கு மேல் காட்டினால், அவருடைய நிறுவனம் தரவை மும்பைக்கு அனுப்பி அங்கிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றிவிடுகிறது என்று பொருள் இருக்கலாம். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ‘பிங் குறைக்கிறோம்’ என்று சொல்லும் செயலிகள் உண்மையிலேயே உதவக்கூடிய ஒரே இடம் இதுதான். அவை வேறு பாதையில் திருப்பிவிடும். அதையும் இலவச சோதனைக் காலத்தில் அவரது கணினியில் போட்டுப் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் வேண்டாம். பாதை சரியாக இருக்கும் இடத்தில் அது நடுவில் இன்னொரு நிறுத்தத்தைச் சேர்ப்பதோடு சரி.

கேபிள் வாங்கக் கடைத்தொகுதிக்குப் போகும்போது அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும். விலை மட்டும் பார்க்கலாம் என்று சொல்லி, அரசாங்க அடையாளச் செயலியான சிங்பாஸில் ஸ்கேன் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். விலை சொல்ல உங்கள் அடையாள விவரம் எதுவும் தேவையில்லை.