“சும்மா விசாரணைக்குத்தான்” என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் அது கைதா?

உங்கள் தம்பியை எந்தக் காகிதமும் காட்டாமல் “விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்” என்று கூட்டிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நினைத்த நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வர முடியாது என்றால் அது காவல்தான். அதற்கு விசாரணை என்று பெயர் வைத்தாலும் அப்படித்தான்.

நான் வக்கீல் இல்லை. நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் வளர்ந்தவள். 2018ல் என் அத்தை மகனை இதே வார்த்தை சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் காணாமல் போயிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், பனி இறங்கும் நேரம். “ஐயா, எப்போ அனுப்புவீங்க?” என்று அப்பா கேட்டார். “காலையில வந்துருவான், போங்க” என்றார்கள். அப்பாவின் சட்டைப் பையில் அன்றைக்கு இலை எடை போட்ட சீட்டு இருந்தது. அதன் பின்பக்கத்தில் மணி 6.20, ஜீப் நம்பர், ஏட்டையா சட்டையில் இருந்த பெயர், மூன்றையும் எழுதிவைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பயத்தில் எழுதியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். திங்கள் காலை கோர்ட்டில் இருக்கும், இலவச சட்ட உதவி தருகிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். அங்கிருந்த வக்கீல் அம்மா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, அதிலிருந்ததை அப்படியே மனுவாக எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார். மதியத்துக்குள் அவன் வந்துவிட்டான். காலில் செருப்புப் போட முடியவில்லை. அவன்மேல் கடைசிவரை வழக்கே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22வது பிரிவு. சனி, ஞாயிறு என்று சொல்லித் தப்ப முடியாது, லீவு நாளில் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும்.

1986ல் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு, காவல் நிலையச் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1996ல் தீர்ப்பு வந்தது. கைது செய்ய வரும் போலீஸ்காரர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும். நேரமும் தேதியும் போட்ட கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பா சீட்டில் எழுதியது ஏறக்குறைய இதைத்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் 2014ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு. ஏழு வருஷம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடனே கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும். சாதாரணத் திருட்டு இதற்குள்தான் வரும். இப்போது அந்த நோட்டீஸ், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 35(3) பிரிவு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025ல் சொல்லிவிட்டது. ஆனால் முறையான நோட்டீஸ் கைக்கு வந்தால் கட்டாயம் போக வேண்டும். போகாமல் இருந்தால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம்.

எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிவது 2025 நவம்பரில் வந்த மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு. எந்தக் குற்றமானாலும், ஏன் கைது என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கைதே செல்லாது. படகா பேசுகிறவர், பணியர் பழங்குடிகளின் குடியிருப்பான பாடியில் இருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தை மாதிரி ஆட்கள் என்று பல பேர் இருக்கிற மலை இது. இங்கே இந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தம்பியை எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப் போனார்கள் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதி முடித்ததும் 15100க்குப் போன் போடுங்கள், அது இலவச சட்ட உதவி எண். காவலில் இருப்பவருக்கு வக்கீல் வைக்கக் காசு கேட்கமாட்டார்கள்.