'சில்லறை' என்று எழுதினீர்கள்

கேள்வி: எங்கள் ஊருக்கு வெளியே மூன்று மாடியில் ஒரு பெரிய அங்காடி வரப்போகிறது. அரிசி, பருப்பு, துணி, பாத்திரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமாம், விலையும் குறைவாம். வியாபாரிகள் கடையடைப்பு நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள். எதிர்ப்பு மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். சில்லறை வியாபாரிகள் சிலரின் சுயநலத்துக்காக ஊரின் வளர்ச்சி நிற்க வேண்டுமா? அந்த மனுவில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?
– ஒரு வாசகர், குடியாத்தம்.

பதில்: வளர்ச்சி, சுயநலம் இரண்டையும் உங்கள் ஊர் டீக்கடைகளில் பேசித் தீர்த்திருப்பார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது 'சில்லறை வியாபாரிகள் சிலர்' என்று நீங்கள் எழுதிய விதம். அதில் ஓர் இளக்காரம் இருக்கிறது. குற்றம் உங்களுடையது மட்டும் அல்ல. சில்லறைப் புத்தி, சில்லறைத்தனம், சில்லறை விஷயம் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லை நாம் எல்லோரும் சேர்ந்துதான் தெருவில் போட்டோம். மொத்த வியாபாரி வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறோம். சில்லறை வியாபாரி வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புகிறோம்.

தமிழ் சில்லறையை அப்படி நடத்திய மொழி அல்ல. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரி வரை வந்த கணக்கு நம்முடையது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று கணக்கு இன்னும் இறங்கும். அவ்வளவு சிறிய துண்டுக்கும் பெயர் வைத்து, எண்சுவடியில் எழுதி, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். முகத்தல் அளவையிலும் அப்படித்தான். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆழாக்கு என்று ஓர் அளவு ஏன் இருந்தது? ஆழாக்கு மட்டும் வாங்க ஒருவர் வந்து நின்றார், அவருக்கும் அளந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படி வந்து நின்றவர்களில் என் அம்மாவும் ஒருவர். உங்கள் ஊரில்தான் அவர் பீடி சுற்றினார். மடியில் முறம். நனைத்த இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி நூலால் கட்டுவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, பட்டுவாடா சனிக்கிழமை. செவ்வாய்க்குள் காசு தீர்ந்துவிடும். புதன்கிழமை முதல் சனிக்கிழமை மாலை வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது தெருமுனை மளிகைக் கடையின் நோட்டால்தான். நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு. சணல் கயிற்றில் ஒரு பென்சில் தொங்கும். அம்மாவின் பெயர் அதில் கிடையாது. 'பீடியம்மா, வேப்பமரத்து வீடு' என்று மேலே ஒரு வரி இருக்கும். கீழே து.ப. 100, ந.எ. 50 என்று துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் குறுகிக் கிடக்கும். உப்பு மட்டும் அந்தப் பக்கங்களில் எங்குமே இருக்காது. விளக்கு வைத்த பிறகு உப்புக் கேட்டால் கடைக்காரர் கொடுக்கமாட்டார். பகலில் கேட்டால் எழுதாமலே ஒரு கை அள்ளிப் போடுவார்.

சனிக்கிழமை இரவு அம்மா காசை எண்ணி வைத்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். மழைக்காலத்தில் இரண்டு வாரம், மூன்று வாரம் இலை வராது, வேலை இருக்காது. அந்த வாரங்களில் கோடு விழாது, பக்கம் திரும்பும். அவ்வளவுதான் வித்தியாசம். ஜாமீன் கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. பொருளின் விலையில் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார் என்பது அம்மாவுக்கும் தெரியும். அந்தக் கொஞ்சத்தைத்தான் இப்போது பெரிய கடை 'நாங்கள் வாங்குவதில்லை' என்று தட்டி கட்டி விளம்பரம் செய்யப்போகிறது. நோட்டு வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அதை வாங்கும் தேவை இல்லை. இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது அந்த நோட்டையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஐந்து கிலோ பையாக எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு மிச்சம் என்பார்கள். உண்மைதான். மாதச் சம்பளக்காரருக்கு அது கண்கூடான லாபம், அவர் அங்கே போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து கிலோவுக்கான பணம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டுமே! கைலி நெய்கிறவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள் என்று வேலை செய்த அளவுக்குக் கூலி வாங்குகிறவர்களால் நிறைந்த ஊர் உங்களுடையது. பத்து ரூபாய்க்குப் புளி கேட்கிற வீடு அங்கே எத்தனை என்று கடையடைப்பு அன்று மாலை ஒரு தெருவில் நடந்து பாருங்கள், தெரியும். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற பிறகுதான் அது கூலிக்காரர் வீட்டுக் கிணற்றடிக்குப் போனது. பெரிய கம்பெனிகள் அவர் போன வழியில்தான் பின்னால் வந்தன. இன்று கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்கள் சில்லறையைக் கும்பிட்டுத்தான் சம்பாதிக்கிறார்கள்.

அந்நிய கம்பெனி வருகிறது என்று சிலர் கூட்டத்தில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். 2012 செப்டம்பரில் இந்த வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள் என்றும், மாநில அரசு சம்மதித்தால்தான் என்றும் நிபந்தனை வைத்தது. ஜெயலலிதா அரசு சம்மதிக்கவில்லை. உள்நாட்டு முதலாளிக்கு இந்த நிபந்தனைகள் கிடையாது. வருகிறவர் நம்மவராகவே இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஓரியண்டல் என்று ஒரு சிற்றூர், ஆயிரம் பேர்கூட இல்லை. 2014இல் அங்கே வால்மார்ட் தன் சிறிய வகைக் கடை ஒன்றைத் திறந்தது. ஊரில் பல காலம் இருந்த மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் 2015இல் மூடியது. 2016 ஜனவரியில் அமெரிக்காவில் மட்டும் 154 கடைகளை மூடுவதாக வால்மார்ட் அறிவித்தபோது ஓரியண்டல் கடையும் அந்தப் பட்டியலில் இருந்தது. பழைய கடையும் இல்லை, புதிய கடையும் இல்லை. காய்கறிக்கும் மருந்துக்கும் வண்டி ஏற வேண்டிய நிலை வந்தது. தலைமை அலுவலகத்தில் லாபம் போதவில்லை என்று முடிவு செய்தார்கள், கதை முடிந்தது. தெருமுனைக் கடைக்காரருக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அவர் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது.

இதை எல்லாம் என் பள்ளித் தோழரிடம் சொன்னேன். பக்கத்துக் கிராமத்துக் காலனியில் பிறந்து, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் அம்மாவுக்கு நோட்டு இருந்தது. எங்கள் ஊர்க் கடையில் என் அம்மாவுக்குப் படிக்கட்டுதான் இருந்தது. அந்தப் படியில் அம்மா ஏறியதே இல்லை. காசைப் படியில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். காசின் மேல் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார்கள். பொட்டலத்தை மேலிருந்து முந்தானையில் போடுவார்கள். பெரிய கடையில் நானே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். பருப்பை என் கையால் அள்ளிப் பார்ப்பேன். எந்தத் தெரு என்று யாரும் கேட்கமாட்டார்கள். திறக்கும் நாளில் முதல் ஆளாகப் போய் நிற்பேன்."

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை. காலம் மாறிவிட்டது, இப்போது யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை என்று வியாபாரிகள் சொல்லலாம். மாறியிருந்தால் நல்லது. ஆனால் ஊர் நம்மோடு நிற்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், ஊர் என்று எந்த எந்தத் தெருவைச் சேர்த்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இந்தப் பக்கத்தில் பல முறை எழுதியாயிற்று, மறுபடியும் எழுதுகிறேன். பத்து ரூபாய் நாணயம். வட ஆற்காட்டை 1989இல் இரண்டாகப் பிரித்தார்கள். வேலூரை 2019இல் மூன்றாகப் பிரித்தார்கள். இந்த நாணயத்தை வாங்க மறுப்பதில் மட்டும் மூன்று மாவட்டங்களும் ஒரே மாவட்டமாக இருக்கின்றன. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வேலூர் மார்க்கெட் அருகே கீரை விற்கிற ஒரு பாட்டி, வெல்லம் வாங்க ஐந்து நாணயங்களை நீட்டி, அது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாணயங்களைச் சுருக்குப்பையில் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். ஐந்து முறை சத்தம் கேட்டது. நூறு கிராம் வெல்லம்கூட வாங்காமல் போனார். சில்லறை வியாபாரி என்ற பெயரைச் சுமந்துகொண்டு சில்லறையை மறுக்கிறவருக்காக நான் எப்படி வாதாடுவேன்?

பெரிய கடை தரப்பிலும் என் பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது. வேலை வாய்ப்பு என்று சொல்கிறார்களே, அந்த வேலைக்கு வரப்போவது பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பெண்கள். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் வேலை. வேலூர்த் துணிக்கடை ஒன்றில், அலமாரிக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மற்றொரு காலின் மேல் மாற்றி மாற்றி வைத்து நின்ற ஒரு பெண்ணிடம் "உட்காரக் கூடாதா அம்மா?" என்று கேட்டேன். மேலே கேமராவைக் கண்ணால் காட்டினார், வாய் திறக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டமன்றம் நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஒரு நாற்காலியைச் சேர்க்க எழுபத்து நான்கு வருடம் ஆயிற்று. சேர்த்த பிறகும் எத்தனை கடைகளில் அது போடப்பட்டிருக்கிறது என்று நீங்கள் கடைக்குப் போகும்போது பாருங்கள். நான் எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் தேடுகிறேன்.

மனுவுக்கு வருகிறேன். அது என் மேசைக்கும் வந்துவிட்டது. இரண்டு பக்கம். வியாபாரக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், அதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்க வருகிறவரைப் பற்றி ஒரு சொல் இல்லை, விற்க நிற்கிற பெண்ணைப் பற்றியும் இல்லை. நான் பெரிய கடை வேண்டாம் என்கிற பக்கம்தான். பத்து ரூபாய்க்குப் புளியும் சனிக்கிழமை வரை தவணையும் தருகிற கடைகள் உங்கள் ஊரில் தொடர்ந்து இருக்க வேண்டும். அதற்காகக் கையெழுத்துப் போடத் தயார். இரண்டு வரிகளை மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடைகளில் யார் வந்தாலும் படியேறி உள்ளே வந்து பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம், எந்த நாணயம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்பது ஒன்று. எங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி போட்டுவிட்டுத்தான் இந்த மனுவைக் கொடுக்கிறோம் என்பது மற்றொன்று.

சங்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்கள். இரண்டாம் பக்கத்தின் கீழே இடம் இருக்கிறது. அந்த இரண்டு வரிகளையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் அதன் மேல் மையால் எழுதியதும் கீழே என் பெயர் வரும்.