வயசான கழுதைக்கு தீனி தொண்டையில அடைக்காம இருக்க எப்படி கொடுக்கணும்?

25 வயசுக்கு மேல ஆன பொட்டைக் கழுதை, காஞ்ச சோளத்தட்டையும் தவிடும் போட்டா நாலு வாய் தின்னுட்டு கழுத்த நீட்டி நீட்டி இருமுது, மூக்கு வழியா தவிடு கலந்த தண்ணி வருது, தீனிய மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. மாத்தணுங்க, இன்னைக்கே மாத்துங்க. அதோட வாயத் தொறந்து பாக்க ஒரு கால்நடை டாக்டரையும் கூப்பிடுங்க, ஏன்னா வயசான கழுதைக்கு அடிக்கடி அடைக்குதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பல்லைத்தான்.

எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து கழுதை உண்டு, துறைக்கு துணிமூட்டை சுமந்த கழுதைங்க, இப்ப சுமை எதுவும் இல்ல, ஒரு கிழடு மட்டும் எங்களோட இருக்கு. அதனால இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

கழுதைக்கு கடவாய்ப்பல்லு மேலயும் கீழயுமா மொத்தம் 24. அது நம்ம பல்லு மாதிரி ஒருதடவ வந்து நின்னுடாது, தேயத் தேய வருசத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்னு வெளிய வந்துக்கிட்டே இருக்கும். வயசானா உள்ள இருக்கற பல்லு தீந்துபோயிடும், அப்புறம் ஆடும், விழும், பல்லுக்கு நடுவுல சந்து விழுந்து அதுல தீனி சிக்கி அழுகி ஈறு வலிக்கும். வலிக்குற வாய் நல்லா மெல்லாது, மெல்லாத நார் எச்சில்ல நனையாம உருண்டையா அப்படியே உள்ள போய் உணவுக்குழாய்ல நிக்கும், அதுதான் அடைப்பு. தின்ன எடத்துல பாதி மென்ன புல் உருண்டை உருண்டையா கீழ கிடக்குதா, வாய் நாறுதா, சாணியில நீள நீளமா நார் தெரியுதான்னு பாருங்க, இதுல ஒண்ணு இருந்தாலும் பல்லு போச்சுன்னு வெச்சுக்கலாம். ராவி சரிபண்ண முடியுமா, ஆடுற பல்ல எடுக்கணுமான்னு டாக்டர் சொல்லுவார். ஒரு விஷயம், பல்லு பாக்க மயக்க ஊசி போட்டாங்கன்னா அது முழுசா தெளியற வரைக்கும் ஒரு புல்லு கூட காட்டாதீங்க, அரைமயக்கத்துல தின்னா உடனே அடைச்சுக்கும்.

இப்ப தீனிக்கு வரேன். பல்லு செய்யாத வேலைய தண்ணிதான் செய்யணும். காஞ்ச தட்டை, நீள வைக்கோல், உலர்ந்த தவிடு, காஞ்ச பெல்லட் தீவனம் (அழுத்தி குச்சி குச்சியா செஞ்சது) இதெல்லாம் அப்படியே போடறத நிறுத்திடுங்க, பெல்லட் எச்சில் பட்டதும் ஊதும், அது ஊதற எடம் உணவுக்குழாயா இருந்தா கதை முடிஞ்சது. பச்சப்புல்லையோ குதிரைமசாலையோ சாஃப் கட்டர்ல, அதான் தீனி வெட்டுற மெஷின்ல, பொடிசா வெட்டுங்க, காஞ்ச கடலைக்கொடி இருந்தா பொடிச்சு வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போடுங்க, பெல்லட் கொடுக்கறதா இருந்தா அதையும் சேத்து ஊறவிடுங்க. எவ்வளவு நேரம்னு மணிக்கணக்கு பாக்காதீங்க, கையில எடுத்து பிசைஞ்சு பாருங்க, உள்ள ஒரு கட்டி கூட தட்டுப்படாம கூழ் மாதிரி வழுக்கிட்டு ஓடணும், அப்பதான் பக்குவம். நம்மூர் வெயில்ல ஊறவெச்சது சீக்கிரம் புளிச்சுடும், அதனால வேளைக்கு வேளை புதுசா ஊறப்போட்டு மிச்சத்த கொட்டி பேசினையும் கழுவிடுங்க.

தவிடு மெதுவா இருக்கேன்னு அதையே முழுத் தீனியாக்கிடாதீங்க, அதுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் ரொம்ப கம்மி, தினமும் அதுவே போனா எலும்பு கெடும். ஊறவெச்ச நார்த்தீனி மேல ருசிக்கு ஒரு கைப்பிடி போதும். கொள்ளும் தானியமும் அதிகமானா குளம்பு வீங்கி நடக்கமாட்டாம போயிடும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் வாங்கி கலக்கறவங்க பலபேர் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், சிலதுல மோனென்சின், சாலினோமைசின்னு மருந்து கலந்திருப்பாங்க, குதிரை கழுதை வயித்துக்குள்ள அது போனா இதயத்த அடிச்சு ஆளையே கொன்னுடும்.

கேரட் பிடிக்கும்னு வட்ட வட்டமா நறுக்கி போடாதீங்க, அந்த வட்டம் குழாய்க்கு மூடி போட்ட மாதிரி போய் உக்காந்துக்கும், நீளவாக்குல மெலிசா சீவுங்க இல்ல துருவிடுங்க. மாங்கொட்டை, பிளாஸ்டிக் பை, கயிறு கிடக்கற எடத்துல மேயவிடாதீங்க.

தீனிய தரையோட, அகலமான தட்டுல பரப்பி வைங்க. அவசரமா அள்ளுற கழுதையா இருந்தா வாய்க்குள்ள போகாத அளவு பெரிய வழவழ கூழாங்கல்லு நாலு போடுங்க, அத ஒதுக்கி ஒதுக்கி தின்னும்போது வேகம் தானா குறையும். கூட இன்னொரு கழுதை இருந்தா தட்ட தனித்தனியா வைங்க, போட்டி இருந்தா முழுங்கத்தான் பாக்கும், ஆனா ஒண்ண ஒண்ணு பாக்கற தூரத்துல நிக்கணும், ஜோடிய பிரிச்சா கழுதை ஏங்கிப்போய் தின்னாம நிக்கும். ஒரு நாளைக்கு 100 கிலோ எடைக்கு ஒன்றரை கிலோ உலர்தீனி கணக்கு வெச்சு ஊறப்போட்டு, நாலஞ்சு வேளையா பிரிச்சு கொடுங்க. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

மறுபடி அடைச்சா பயந்துடாதீங்க. அடைச்சிருக்கறது உணவுக்குழாய், மூச்சுக்குழாய் இல்ல, அதனால மூச்சு ஓடிக்கிட்டுதான் இருக்கும். தீனி தண்ணி ரெண்டையும் உடனே எடுத்துடுங்க, தலை தாழ்ந்து நிக்கறமாதிரி பாத்துக்குங்க, மூக்குல வர்றது கீழ விழுந்துடணும், உள்ள இழுத்தா நுரையீரல்ல போய் நிமோனியா ஆகும். பெரியவங்க யாராவது நல்லெண்ணெய் ஊத்து, மூங்கில் குழாய்ல கஷாயம் விடுன்னு சொல்லுவாங்க, அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா விடவே கூடாது, அடைச்ச குழாய்ல ஊத்தினா அது நேரா நுரையீரலுக்குத்தான் போகும். கைய விட்டோ குச்சி விட்டோ தள்ளவும் கூடாது. உடனே டாக்டருக்கு போன் போடுங்க, தமிழ்நாட்ல 1962க்கு அடிச்சா கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேக்கலாம். சிலது தானா இறங்கிடும், இறங்கலன்னா டாக்டர் மயக்கம் கொடுத்து மூக்கு வழியா குழாய் விட்டு தண்ணியால கரைச்சு விடுவார்.

அடைப்பு எடுத்தப்புறம் வயித்துக்கு ஓய்வு கொடுக்கறோம்னு ஆளாளுக்கு பட்டினி போடாதீங்க, எனக்கு இதுதான் பெரிய கவலை. கழுதை ரெண்டு மூணு நாள் சரியா தின்னலன்னா உடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா ரத்தத்துல இறங்கி ஈரல் கெட்டு செத்துப்போயிடும், குண்டான கழுதைக்கு இன்னும் ஆபத்து. எப்ப தீனி ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, அவர் சொன்ன நேரத்துல இருந்து தண்ணியா கரைச்ச கூழ் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, சில நாளைக்கு அதுவே போதும். காலையும் சாயந்திரமும் ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வெச்சு பாருங்க, கழுதைக்கு 37 டிகிரி செல்சியஸ் சுத்தி இருந்தா சரி, 38 தாண்டினாலோ மூக்குல நாத்தத்தோட சளி வந்தாலோ அன்னைக்கே கூப்பிடுங்க. கழுதை வலிய வெளிய காட்டாத ஜீவன், அதனால காத தொங்கப்போட்டுட்டு தீனிய பாத்தும் பாக்காம சும்மா நிக்குதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, சாதாரணமா விட்டுடாதீங்க.