பார்க்கின்சன் நோயில் தடுமாற்றம்: மின்தூண்டல் உதவுமா? கேள்வி பதில்

நரம்பு நோயாளிகளுக்கான பிசியோதெரபி என் தொழில். அறுவை சிகிச்சை இல்லாமல், தலையிலோ காதுக்குப் பின்னாலோ லேசாக மின்சாரம் செலுத்தினால் பார்க்கின்சன் நோயாளிகளின் தடுமாற்றம் குறையுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாத்திரையால் அப்பாவின் கை நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் திரும்பும்போது விழுந்துவிடுகிறார். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

பதில்: நீங்களாகக் கூட்ட வேண்டாம், நியூராலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். அசைவுகளுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் இந்த நோயில் மூளையில் குறைந்துபோகிறது. அதை லெவோடோபா மாத்திரை ஈடுகட்டும். உடல் இறுக்கமும் மந்தமும் அதனால் குறையும். ஆனால் விழாமல் நிற்பதற்கு டோபமைன் மட்டும் போதாது. மூளைத்தண்டு, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள், உள்காது தரும் தகவல், பாதத்தின் உணர்வு எல்லாமே அதில் பங்கு வகிக்கின்றன. மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காத தொல்லை இது என்பதால்தான் ஆராய்ச்சியாளர்கள் மின்தூண்டல் பக்கம் திரும்பினார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பா படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நோயும் இதைச் செய்யும், மருந்தும் செய்யும். எந்த மின்தூண்டலாலும் இது சரியாகாது.

கேள்வி: தலையில் கரண்ட் என்றாலே பயமாக இருக்கிறது. ஷாக் ட்ரீட்மென்ட் மாதிரியா?

பதில்: இல்லை. மனநோய்க்குத் தரும் மின்னதிர்ச்சி சிகிச்சையில் 800 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் போகும், வலிப்பை வரவழைப்பதே அதன் நோக்கம். இங்கே தருவது பெரும்பாலும் 1 முதல் 2 மில்லி ஆம்பியர். உப்பு நீரில் நனைத்த பஞ்சு எலக்ட்ரோடுகளைத் தலையில் கட்டி, சுமார் 20 நிமிடம் நேர்மின்னோட்டம் கொடுப்பார்கள். அந்த இடத்து நரம்பணுக்களை இது நேரடியாக இயக்காது, இயங்குவதற்குச் சற்றுத் தயாராக வைக்கும், அவ்வளவுதான். ஊசி குத்துவது போன்ற உணர்வு, அரிப்பு, தோல் சிவப்பது, லேசான தலைவலி வரலாம். பஞ்சு காய்ந்துபோனால் தோல் புண்ணாகும்.

கேள்வி: காதுக்குப் பின்னால் வைப்பதும் இதேதானா?

பதில்: வேறு. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். காதுமடலுக்குப் பின்னால் தொட்டால் தட்டுப்படும் எலும்பின் மேல், இரண்டு பக்கமும் எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பை அந்த மின்சாரம் எட்டும். சீரான மின்னோட்டம் கொடுத்தால், நின்றுகொண்டிருப்பவர் நேர்மின்முனை இருக்கும் பக்கம் சாய்வார். தலைக்கு மின்சாரம் கொடுத்தால் கிறுகிறுக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம்.

பார்க்கின்சனுக்கு முயல்வது பெரும்பாலும் சீரான மின்னோட்டத்தை அல்ல, தாறுமாறாக ஏறி இறங்கும் மின் இரைச்சலை. அளவு வழக்கமாக 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே, நோயாளிக்கு உறைக்காத அளவில் இருக்கும். இரைச்சல் எப்படி உதவும்? ஒரு சிக்னல் மிகவும் பலவீனமாக இருந்தால் நரம்பு அதைக் கண்டுகொள்ளாது. அதோடு கொஞ்சம் இரைச்சல் சேரும்போது, சிக்னல் அவ்வப்போது வாசலைத் தாண்டி மூளைக்குப் போய்ச் சேரும். அளவு கூடினாலோ இரைச்சலே சிக்னலை மூழ்கடித்துவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு ஒத்துவராது, ஒவ்வொருவருக்கும் தேடிப் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு இருக்கும் 'கூடக் கொடுத்தால் கூடப் பலன்' என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பலன் உண்டா, இல்லையா?

பதில்: சிலருக்கு, சில அளவீடுகளில், கொஞ்ச நேரத்துக்கு உண்டு. நிற்கும்போது உடல் ஆடுவது குறைந்ததாகவும் நடை மேம்பட்டதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று சொல்பவையும் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். எலக்ட்ரோடு வைக்கும் இடம், நேரம், அளவு எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. ஆய்வுக்கூடத்துப் பலகையில் ஆடாமல் நிற்பது ஒன்று, இருட்டில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழாமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை.

இன்னொரு சிக்கல், நம்பிக்கையே மருந்தாவது. மருந்தில்லாத ஊசியை மருந்து என்று நம்பிய பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் சுரந்ததை 2001இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. அதனால் நல்ல ஆய்வில் ஒரு குழுவுக்குப் போலித் தூண்டல் தருவார்கள். முதல் சில வினாடிகள் சுருக்கென்று இருக்கும், பிறகு மின்சாரம் நின்றுவிடும். அந்த ஒப்பீடு இல்லாமல் 'அற்புதப் பலன்' என்று வரும் வீடியோக்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

என் கருத்து: மின்தூண்டலைத் தனியாக நம்பக் கூடாது. சமநிலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதில்தான் ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன். பயிற்சிக்குச் சான்று இதைவிட வலுவானது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 195 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். வாரம் இரண்டு முறை, 24 வாரம் தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்தவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது. தசைநீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் விழுந்ததும் குறைவு.

கேள்வி: ஆன்லைனில் கருவி கிடைக்கிறது. 9 வோல்ட் பேட்டரியில் நாமே செய்வது எப்படி என்றும் வீடியோ இருக்கிறது. முயலலாமா?

பதில்: வேண்டாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். காதுக்குப் பின்னால் அளவு தவறினால் தலைசுற்றி, தடுக்க வேண்டிய விழுகையை நாமே வரவழைத்ததாகிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு ஏற்கெனவே ஆழ்மூளைத் தூண்டல் கருவி (அறுவை சிகிச்சை செய்து மூளைக்குள் மின்முனை வைப்பது) பொருத்தியிருக்கிறது. அவருக்குத் தரலாமா?

பதில்: பொதுவாகக் கூடாது. பேஸ்மேக்கர், மண்டைக்குள் உலோகம், காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி, வலிப்பு நோய் இருப்பவர்களையும் வழக்கமாகச் சேர்ப்பதில்லை.

கேள்வி: நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு உதவுமா?

பதில்: நெற்றிப் பகுதியிலும் அசைவுப் பகுதியிலும் தூண்டிப் பார்த்த ஆய்வுகள் உண்டு, முடிவுகள் கலவையானவை. தெளிவான முடிவு வரும்வரை கைவசம் இருப்பதைச் செய்யுங்கள். கால் ஒட்டியதும் முன்னே தள்ள முயலாமல் நில்லுங்கள், எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள், 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொண்டே பெரிய அடியாக வையுங்கள். தரையில் குறுக்குக் கோடுகள் ஒட்டுவதும் மெட்ரோனோம் (சீராக 'டிக் டிக்' என்று தட்டும் கருவி) தாளத்துக்கு நடப்பதும் பலருக்குக் கைகொடுக்கின்றன. கூட வருபவர்கள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கேள்வி: ஆய்வில் சேர அழைத்திருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

பதில்: நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, போலித் தூண்டல் குழு உண்டா, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சோதிப்பார்களா அல்லது நிறுத்திவிட்டா என்று கேளுங்கள். நிறுத்துவதாக இருந்தால் வீடு திரும்ப ஆள் துணை வேண்டும். அப்புறம், பணம் கேட்டால் அது ஆய்வுதானா என்று உங்கள் நியூராலஜிஸ்டிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.