எட்டு ஆன்டெனா ரவுட்டர் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சீசனில் அறைகள் நிரம்பினால், ராத்திரி வைஃபையில் வீடியோ ஓடுவதில்லை. கேபிள் செருகிய லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. மலைச்சரிவில் எங்களுக்கு மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஹோம்ஸ்டேதான். நாலு ஆன்டெனா ரவுட்டரை மாற்றி எட்டு ஆன்டெனா வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைக் கேபிளுக்குச் செலவிடுங்கள்.

ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் போகும் டேட்டா ஓடைகள், ரவுட்டர், போன் இரண்டில் எதில் ஆன்டெனா குறைவோ அந்த எண்ணிக்கையைத் தாண்டாது. பெரும்பாலான போன்களில் வைஃபைக்கு இரண்டுதான். எட்டு ஆன்டெனா இருந்தால் பல போன்களுக்கு ஒன்றாக அனுப்பலாம், உண்மைதான். ஆனால் உங்கள் தொல்லை பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. சரிவில் மேல்வீட்டு வாசல் உங்கள் கூரை மட்டத்தில் இருக்கும். நடுவில் தடுப்பு இல்லாமல் அவர் சிக்னல் உங்கள் அறைக்குள் இறங்கிவிடும்.

ஒரு சேனலில், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசைத் துண்டில், அதிகபட்சம் எவ்வளவு டேட்டா போகும் என்பதற்கு 1948-ல் கணிதவியலாளர் ஷானன் தந்த சூத்திரப்படி கணக்குப் போடுவோம். சிக்னல் இரைச்சலைவிட 100 மடங்கு வலுவாக இருந்தால், 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஓர் ஓடைக்கு உச்சவரம்பு சுமார் 133 எம்பிபிஎஸ். பக்கத்து வீட்டு சிக்னலும் அதே வலுவில் வந்து விழுந்தால் 20 எம்பிபிஎஸ்ஸுக்குச் சரிந்துவிடும். இருவரும் மாறி மாறி அனுப்பினால் ஆளுக்கு 66. அதனால்தான் வைஃபை, அடுத்தவர் அனுப்பி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறது. மூன்று வீடும் ஒரே சேனலில் இருந்தால் மூன்றும் காத்துக் கிடக்கும். பவரைக் கூட்டினால்? அவர்களும் கூட்டுவார்கள், விகிதம் மாறாது.

போனின் ஆன்டெனாக்களால் குறுக்கீட்டை அடக்கலாம். ஆனால் ஒரு குறுக்கீட்டு ஓடையை அடக்க ஓர் ஆன்டெனா செலவாகும். மேல்வீட்டு ரவுட்டர் இரண்டு ஓடை அனுப்பினால் உங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. எத்தனை பேர் குறுக்கிட்டாலும், குறுக்கீட்டையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, இரைச்சல் மிகக் குறைந்த நிலையில் ஒவ்வொருவரும் தனியாக இருந்தால் கிடைப்பதில் ஏறக்குறைய பாதியைப் பெறலாம் என்று 2008-ல் கடம்பே, ஜாஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. ஆனால் எல்லோருடைய சிக்னல் பாதையும் எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிய வேண்டும். கடையில் வாங்கும் ரவுட்டரில் அது நடக்காது.

சரி, என்ன செய்யலாம்? அறைகளின் பக்கம் கேபிள் இழுத்து, குறைந்த பவரில் சின்ன ஆக்ஸஸ் பாயின்ட்கள் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டிகள்) வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். அந்த அலையைக் கல் சுவர் நன்றாகத் தடுக்கும், இங்கே அது உங்களுக்குச் சாதகம். 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஓட்டுவதானால், ஒன்றோடொன்று மோதாத சேனல்களாக வழக்கமாக எடுப்பது 1, 6, 11. நீங்களும் மூன்று வீடுதான். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் பேசி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்று பேருமே அதில் சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் 20-க்குக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிரித்ததே வீண்.