அன்னாசி போட்ட ஜெல்லி ஏன் உறையவில்லை?

இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் உங்கள் ஜெல்லி தண்ணீராகவே இருப்பதற்கு ஜெலட்டின் காரணமில்லை, வேகாத அன்னாசிதான். ஜெலட்டின் கொலாஜன் புரதத்திலிருந்து வருவது. வெந்நீரில் பிரிந்த அதன் நீள இழைகள் ஆறும்போது மறுபடி முறுக்கிக்கொண்டு வலையாகி நீரைப் பிடித்து வைக்கும். அன்னாசியின் புரோமெலைன் நொதி அந்த இழைகளை நறுக்கிவிடுகிறது; துண்டுகளால் வலை பின்ன முடியாது. (பழம் தின்றால் நாக்கு எரிவதிலும் அதற்குப் பங்குண்டு.)

இனி எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையாது, ஜூஸாகக் குடித்துவிடுங்கள். அடுத்த முறை அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரைத் தண்ணீரில் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சேருங்கள். நொதியும் புரதம்தானே, சூட்டில் அதன் மடிப்பு கலைந்தால் வெட்டும் வேலை நின்றுவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கியது, அப்படியே போடலாம். பப்பாளி, கிவிக்கும் இதே கதைதான். ஜெலட்டினுக்குப் பதிலாகப் போடும் சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது, புரதமே இல்லை. அதில் இந்தத் தொல்லை வராது.